கோவாவில் இன்னும் செல்லுபடியாகும் போர்ச்சுகல்

வருமான வரிக்காக ஐடிஆர்-2 படிவத்தை நிரப்பியவர்கள் ஒரு கேள்வியைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். பெயர், பான் எண் எல்லாம் கேட்டுவிட்டு, நீங்கள் போர்த்துக்கீசிய சிவில் சட்டத்துக்கு உட்பட்டவரா என்று கேட்கும். நம்மில் பெரும்பாலோர் 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம். சுதந்திர இந்தியாவின் வரிப் படிவத்துக்குள் போர்ச்சுகல் எப்படி வந்து உட்கார்ந்தது என்று நின்று யோசிப்பதில்லை.

கோவாக்காரர்கள் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று போடுகிறார்கள். போட்டவுடன் கணவன் அல்லது மனைவியின் விவரங்களையும் கொடுக்க வேண்டும். வீட்டு வாடகை, வியாபார லாபம், நிலம் விற்ற பணம் எதுவானாலும் சரிபாதியாகப் பிரித்து இருவர் கணக்கிலும் காட்ட வேண்டும். சம்பளம் மட்டும் வாங்கியவர் கணக்கிலேயே நிற்கும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்றே 5ஏ என்று தனியாக ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்.

கோவாவில் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது என்ன என்றால் நாம் பழைய கோவாவின் தேவாலயங்களையும், பணஜியின் ஃபொன்டைன்யாஸ் பகுதியில் மஞ்சளும் நீலமும் பூசிய வீடுகளையும் நினைப்போம். சுற்றுலா விளம்பரம் அப்படி நம் கண்ணைப் பழக்கிவிட்டது. அவையெல்லாம் நிஜம்தான். ஆனால் 451 வருட ஆட்சி இன்றைக்கும் உயிரோடு இருப்பது அந்த வீடுகளுக்குள்ளே, அலமாரியில் பூட்டிவைத்த காகிதங்களில். யார் யாரோடு வாழலாம், நிலம் யாருக்குப் போகும், மலையை யார் வெட்டலாம், பேரன் எந்த நாட்டுக் குடிமகன் ஆகலாம் என்பதை அந்தக் காகிதங்கள் இன்னமும் முடிவு செய்கின்றன. (அலமாரி என்ற சொல்லே அவர்களிடமிருந்து வந்ததுதான். ஜன்னல், சாவி, மேசை, ஏலம், பாதிரி, மேஸ்திரி என்று நம் வீட்டுக்குள்ளும் அவர்கள் நிறையவே விட்டுப் போயிருக்கிறார்கள்.)

இரண்டு கோவாக்கள்

1510 நவம்பர் 25 அன்று அஃபொன்சோ தெ அல்புகர்க்கி பிஜாப்பூர் அடில் ஷாவிடமிருந்து கோவாவைப் பிடித்தார். பிடித்தது இன்றைய கோவா முழுவதையும் அல்ல. திஸ்வாடி தீவுகள், பார்தேஸ், சால்செட் என்ற கடலோரப் பகுதிகள்தான் முதல் 250 வருடங்களுக்கு அவர்கள் கையில் இருந்தன. இவற்றைப் 'பழைய வெற்றிகள்' என்பார்கள். போண்டா, பிச்சோலி, சத்தாரி, பெட்னே, காணகோண் முதலிய உள்நாட்டுப் பகுதிகள் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேர்ந்தன. அவை 'புதிய வெற்றிகள்'.

கோவாவைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டும். பழைய பகுதியில் 1540-களிலிருந்தே கோயில்கள் இடிக்கப்பட்டன. சாமியைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஆற்றைக் கடந்து போண்டா பக்கம் ஓடினார்கள். இன்று நாம் போய்க் கும்பிடும் மங்கேஷி கோயில் முதலில் குஷஸ்தளியில், இப்போதைய கோர்தாலிமில் இருந்தது. கவ்ளேயில் இருக்கும் சாந்தாதுர்கா கெளோஷியிலிருந்து வந்தவள். சாமி ஓர் ஊரில், குலம் வேறோர் ஊரில் என்று இன்றும் எத்தனையோ குடும்பங்களுக்கு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

போகாமல் தங்கியவர்கள் மதம் மாறினார்கள். மாறியவர்களையும் நிம்மதியாக விடவில்லை. 1560-இல் வந்த இன்குவிசிஷன் என்ற சமய விசாரணை மன்றம் இடையில் நான்கு வருடம் நீங்கலாக 1812 வரை நடந்தது. 16,000-க்கும் மேற்பட்டவர்களை அது விசாரித்தது. மதம் மாறிய பிறகும் பழைய வழக்கத்தை விடவில்லை என்பது அதில் பலர்மீது வந்த குற்றச்சாட்டு. 1736-இல் வந்த ஓர் ஆணை வீட்டில் துளசி வளர்ப்பதைக்கூடத் தடுத்தது. கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடலாம், என்ன பாடலாம் என்பதுவரை அது உள்ளே நுழைந்தது. மன்றத்தின் ஆவணங்களில் பெரும்பகுதி பின்னால் அழிக்கப்பட்டுவிட்டது. எல்லாவற்றையும் எழுதிவைத்த ஓர் ஆட்சி எரிக்கத் தேர்ந்தெடுத்த காகிதம் அது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு செய்தும் சாதி போகவில்லை. கோவா கத்தோலிக்கர்களிடையே பாமொண், சார்தோ, சுதிர் என்ற பிரிவுகள் அப்படியே நின்றன. திருவிழா நடத்தும் சபைகளில் யார் உறுப்பினர், ஊர்வலத்தில் யார் எந்த நிற மேலங்கி போடலாம் என்பதில் அது தெரிந்தது. பெர்னாண்டஸ், டிசோசா என்ற பெயர்கள் சாதியை மறைத்த மாதிரி தோன்றும். ஊருக்குள் யாருக்கும் எதுவும் மறையவில்லை. நம் ஊர்ச் சர்ச்சுகளையும் கல்லறைகளையும் அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

லிஸ்பன் தூக்கிப் போட்ட சட்டம்

இப்போது அந்தச் சிவில் சட்டத்துக்கு வருவோம். 1867-இல் போர்ச்சுகலில் சேயாப்ரா பிரபு எழுதிய சட்டத் தொகுப்பு அது. 1869-இல் ஓர் ஆணை மூலம் அதைக் கடல்கடந்த பகுதிகளுக்கும் நீட்டினார்கள். 1870 முதல் கோவாவில் அமல். 1910-இல் போர்ச்சுகலில் மன்னராட்சி போய்க் குடியரசு வந்ததும் திருமணப் பதிவு, விவாகரத்து பற்றிய புதிய ஆணைகள் வந்தன. அவையும் கோவாவுக்கு வந்து சேர்ந்தன. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து கோவாவை விடுவித்தபோது, மாற்றும்வரை பழைய சட்டங்கள் தொடரும் என்று 1962-ஆம் ஆண்டு நிர்வாகச் சட்டத்தில் ஒரு வரி எழுதினார்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் தொங்குகிறது.

போர்ச்சுகல் 1966-இல் புதிய சிவில் சட்டத்தை இயற்றி, சேயாப்ராவின் தொகுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டது. பிறந்த வீட்டில் செத்துப்போன சட்டம் கோவாவிலும் டாமன், டையூவிலும் நீடித்தது. அதுவும் போர்த்துக்கீசிய மொழியில். படிக்கத் தெரிந்த வக்கீல்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வர, நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் தனிப்பட்டவர்களின் மொழிபெயர்ப்புகளை வைத்துக் காலம் தள்ளின.

சட்டம் என்ன சொல்கிறது? கல்யாணத்துக்கு முன்னால் நோட்டரியிடம் ஒப்பந்தம் ஏதும் போட்டுக்கொள்ளாவிட்டால், தம்பதியின் சொத்து முழுவதும் பொது. பையன் ஏற்கெனவே வைத்திருந்த வீடு, பெண் கொண்டுவந்த நகை, நாளைக்கு மாமனார் செத்து வரும் வயல் எல்லாமே இருவருக்கும் பாதிப் பாதி. வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதித் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கல்யாணத்துக்கு முன்பே எழுதியாக வேண்டும். பிறகு மனம் மாறினால் முடியாது.

இன்னொரு விதி இதைவிடப் பெரியது. பிள்ளைகள் இருந்தால் உயில் எழுதி எல்லாவற்றையும் இஷ்டப்பட்டவருக்குக் கொடுத்துவிட முடியாது. சொத்தில் பாதி பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. மகன், மகள் எல்லாருக்கும் சமம். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்தது 1989-இல். இந்தியா முழுவதற்கும் 2005-இல். கோவாவில் 1870 முதல் மகள் பெயர் பட்டியலில் இருக்கிறது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. கைவிடப்பட்ட ஒரு பெண், 'இந்த வீட்டில் பாதி என்னுடையது' என்று சொல்லிக் கோர்ட்டில் நிற்க முடிவது சின்ன விஷயமில்லை. நம் ஊரில் அவளுக்குக் கிடைப்பது ஜீவனாம்சம் என்ற மாதாந்திரக் கெஞ்சல்தான்.

ஆனால் காகிதத்தில் இருக்கும் பாதி கைக்கு வருகிறதா என்பது வேறு கணக்கு. பொதுச் சொத்தை நிர்வகிக்கும் உரிமையை அதே சட்டம் கணவனிடம்தான் கொடுத்தது. வீட்டையோ நிலத்தையோ விற்க மனைவியின் கையெழுத்து வேண்டும், உண்மை. மாதச் செலவுக்கும் பேங்க் கணக்குக்கும் வேண்டாம். அப்புறம் மகளின் பங்கு. கல்யாணமான மகள் பிறந்த வீட்டுச் சொத்தில் உரிமையை விட்டுக்கொடுத்து நோட்டரி முன் கையெழுத்துப் போடுவது கோவாவில் சர்வசாதாரணம். அண்ணன் தம்பியோடு உறவு வேண்டும் என்றால் போட்டுத்தான் ஆக வேண்டும். சட்டம் 150 வருடம் முன்னால் ஓடினாலும் குடும்பம் அதன் பின்னால் ஓடவில்லை.

பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு. கோவாவில் கல்யாணப் பதிவுக்கு இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து, 'நாங்கள் செய்துகொள்ளப் போகிறோம்' என்று தெரிவிப்பது. அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் ஏதும் வராவிட்டால் மறுபடி போய் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். அப்போதுதான் அது கல்யாணம். முதல் கையெழுத்தே போதும் என்று நம்பி வாழத் தொடங்கி, பிறகு பிரச்சினை வரும்போது, சட்டத்தின் கண்ணில் தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று தெரிந்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள்.

இந்தியா முழுவதற்கும் பொது சிவில் சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கோவாவைக் கைகாட்டுவார்கள். 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் ஒரு வாரிசு வழக்கில் கோவாவை முன்மாதிரியாகச் சொன்னது. கோவாக்காரருக்கு மும்பையில் வீடு இருந்தாலும் அதற்கும் போர்த்துக்கீசியச் சட்டமே பொருந்தும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. இங்கே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோவாச் சட்டம் முழுக்கப் பொதுவானது கிடையாது. இந்துக்களுக்கென்று 1880-இல் தனியாக ஒரு வழக்காற்றுத் தொகுப்பு வந்தது. முதல் மனைவிக்கு 25 வயதுவரை குழந்தை பிறக்காவிட்டாலோ, 30 வயதுவரை ஆண் குழந்தை பிறக்காவிட்டாலோ சில நிபந்தனைகளோடு இந்து ஆண் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. நடைமுறையில் அது செத்துவிட்டது என்றாலும் எழுத்தில் இருந்தது. சர்ச்சில் கல்யாணம் செய்யும் கத்தோலிக்கர்களுக்கு 1946-இல் தனி ஏற்பாடு வந்தது. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பது பாதி உண்மைதான்.

அதைவிட முக்கியமாக, இந்தச் சட்டத்தைக் கோவா மக்கள் கூடிப் பேசி இயற்றவில்லை. சமத்துவம் வேண்டும் என்று லிஸ்பனும் இதைக் கொண்டுவரவில்லை. அங்கே எழுதிய சட்டத்தைப் பேரரசு முழுவதற்கும் விரித்தார்கள், அவ்வளவுதான். வந்தவிதம் எப்படியானாலும் ஐந்து தலைமுறை அதில் வாழ்ந்து பழகிவிட்டது. இன்று கோவாவில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று யாரைக் கேட்டாலும் அதை எடுத்துவிடச் சொல்ல மாட்டார்கள். 2012-இல் வாரிசுரிமைக்கென்று கோவா சட்டமன்றம் தானே ஒரு சட்டம் இயற்றியது. 2016 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது. வாரிசுப் பகுதியில் சேயாப்ராவின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் கொள்கை பெரும்பாலும் பழையதுதான்.

பூட்டிய வீடுகள்

சால்செட் கிராமங்களில் நடந்தால் கண்ணில் படுவது பூட்டிய பெரிய வீடுகள். முன்பக்கம் படியேறியதும் திண்ணை மாதிரி பல்காவ், இரண்டு பக்கமும் சிமெண்டு இருக்கை. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓட்டைத் தேய்த்து மெல்லிசாக்கிச் சின்னச் சின்னச் சதுரமாகப் பதித்திருப்பார்கள். வெயில் அதன் வழியாகப் பால் மாதிரி உள்ளே இறங்கும். ஓடு சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து அப்படியே நிற்கும்.

விற்றால் கோடிக்கணக்கில் போகும் இடம். ஏன் விற்கவில்லை? தாத்தா 1950-களில் இறந்தார் என்று வையுங்கள். ஐந்து பிள்ளைகள். ஒவ்வொருவரின் மனைவிக்கும் கணவனுக்கும் அந்தப் பங்கில் பாதி. அவர்களுக்கு மொத்தம் 15 பிள்ளைகள், அவர்களுடைய துணைகளும் சேர்த்தி. ஒருவர் மும்பையில், ஒருவர் லிஸ்பனில், ஒருவர் நைரோபி போய் அங்கிருந்து லண்டன். முப்பது, நாற்பது கையெழுத்துச் சேர்ந்தால்தான் ஒரு பத்திரம் ஆகும். சேர்க்க முடியாதவர்கள் பூட்டிவிட்டுப் போகிறார்கள். எல்லாருக்கும் பங்கு என்ற நல்ல விதியின் இன்னொரு முகம் இந்த வீடுகள்.

பூட்டிய வீட்டைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். 1961-க்கு முந்தைய நிலப் பதிவுகள் போர்த்துக்கீசிய மொழியில், கையெழுத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். சொந்தக்காரர் வெளிநாட்டில். பழைய காலத்துப் பத்திரம் மாதிரியே ஒன்றைத் தயாரித்து, ஆவணங்களுக்கு இடையே செருகி, அதற்கு நகல் வாங்கி நிலத்தைப் பிடுங்கும் கூட்டம் கிளம்பியது. 2022 ஜூனில் கோவா அரசு இதற்கென்றே சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையமும் போட்டது. 1595-இல் ஆவணக் காப்பகம் தொடங்கிய ஊர் கோவா. வரலாற்றாசிரியர் தியோகோ தொ கோவ்தோ அதன் முதல் காப்பாளர். அங்கே இருக்கும் காகிதத்துக்கு இன்றும் அவ்வளவு விலை இருப்பதால்தான் அதைப் போலி செய்கிறார்கள்.

வயலும் மலையும்

நிலத்தில் இன்னொரு கதை இருக்கிறது. போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே கோவாவில் ஊர்நிலம் ஊருக்குப் பொதுவாக இருந்தது. காவ்ன்காரர்கள் என்ற முதல் குடிகளின் சபை அதைப் பார்த்துக்கொண்டது. உப்பங்கழி ஓரம் கரை கட்டி, மதகு வைத்து, உப்புத் தண்ணீரை நெல்வயலுக்குள் வராமல் தடுக்கும் கசான் வயல்கள் அந்தச் சபைகளின் வேலை. 1526-இல் அஃபொன்சோ மெஷியா என்ற அதிகாரி இந்த வழக்கங்களை ஒரு சாசனமாக எழுதினார். எழுதியதன் நோக்கம் வரி வாங்குவது. எழுதியபின் அந்தச் சபைகளுக்கு 'கொமுனிதாத்' என்ற போர்த்துக்கீசியப் பெயரும், பிற்காலத்தில் தனிச் சட்டத் தொகுப்பும் வந்தன. கடைசித் தொகுப்பு 1961 ஏப்ரலில், ஆட்சி போவதற்கு எட்டே மாதம் முன்னால் வந்தது. இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது.

இருநூறுக்கும் மேற்பட்ட கொமுனிதாத்கள் இப்போதும் இருக்கின்றன. வயலை ஏலம் விட்டு, செலவு போக மிஞ்சியதை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் பங்குக்கு ஜோண் என்று பெயர். உறுப்பினர் உரிமை அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மகளுக்கு இல்லை. சிவில் சட்டத்தில் சமமாக நின்ற மகள் இங்கே வரும்போது வாசலிலேயே நிறுத்தப்படுகிறாள். இரண்டும் ஒரே ஆட்சி உறுதிப்படுத்திய சட்டங்கள். பெண்ணுரிமையைக் கோவாவுக்குப் போர்ச்சுகல் கொடுத்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த வாசல்தான் நினைவுக்கு வரும்.

விடுதலைக்குப் பிறகு உழுபவருக்கே நிலம் என்ற குத்தகைச் சட்டங்கள் வந்தன. கொமுனிதாத்களின் வயல்கள் பெருமளவு உழுதவர் கைக்குப் போயின. அது நியாயம்தான். ஆனால் கரையையும் மதகையும் யார் பார்ப்பது என்ற கேள்வி நடுவில் விழுந்துவிட்டது. கரை உடைந்து உப்பேறிய கசான் வயல்களைக் கோவாவின் ஆற்றோரங்களில் பார்க்கலாம்.

கிழக்கே, 'புதிய வெற்றிகள்' பக்கம், மலைகளில் இரும்புத் தாது. 20-ஆம் நூற்றாண்டில், முக்கியமாக 1950-களில், போர்த்துக்கீசிய அரசு சுரங்க உரிமைகளைத் தனியாருக்கு எழுதிக் கொடுத்தது. காலவரையறை கிடையாது. விடுதலைக்குப் பிறகும் அந்த உரிமைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1987-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அவற்றை 1961 டிசம்பர் 20 முதல் சாதாரணக் குத்தகைகளாக மாற்றியது. குத்தகை என்றால் முடிவுத் தேதி உண்டு. 2000-களில் சீனா தாது வாங்க வந்தபோது யாரும் அந்தத் தேதியைப் பார்க்கவில்லை. பிச்சோலி, சத்தாரி, சங்கே பகுதிகளில் மலைகள் குழிகளாயின. சட்டவிரோதச் சுரங்கங்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு 2012-இல் சுரங்கங்கள் நின்றன. அந்தக் குத்தகைகள் 2007 நவம்பரிலேயே காலாவதி ஆகிவிட்டன என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. மாநில அரசு மறுபடி புதுப்பித்த 88 குத்தகைகளையும் 2018 பிப்ரவரியில் ரத்து செய்தது. போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசார் காலத்தில் ஒரு மேசையில் கையெழுத்தான தாள், அறுபது வருடம் கழித்து லாரி ஓட்டுபவர்களின் அடுப்பை அணைத்தது. ஒருபக்கம் மலைகள் கொஞ்சம் மூச்சுவிட்டன.

பாட்டனின் பிறப்புச் சான்றிதழ்

கோவா கையைவிட்டுப் போனதைப் போர்ச்சுகல் 13 வருடம் ஒப்புக்கொள்ளவில்லை. 1974 ஏப்ரல் 25 புரட்சியில் சர்வாதிகாரம் விழுந்த பிறகு, அந்த வருடம் டிசம்பர் 31 அன்று இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டுக் கோவாவை இந்தியாவின் பகுதியாக ஏற்றது. ஆனால் 1961 டிசம்பர் 19-க்கு முன் அங்கே பிறந்தவர்களின் குடியுரிமையை அது விலக்கிக்கொள்ளவில்லை. அவர்களும், அவர்கள் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளும் கேட்டால் போர்ச்சுகல் குடிமக்கள் ஆகலாம். அங்கோலா, மொசாம்பிக் போன்ற ஆப்பிரிக்கக் காலனிகளில் பிறந்தவர்களுக்கு 1975-இல் பெரும்பாலும் அடைபட்ட கதவு கோவாக்காரர்களுக்குத் திறந்தே இருந்தது.

வேலை இப்படிப் போகும். ஊர்ப் பதிவேட்டிலிருந்து அப்பாவின் பிறப்புப் பதிவை எடுக்க வேண்டும். அதை லிஸ்பனில் உள்ள மத்தியப் பதிவகத்தில் ஏற்ற வேண்டும். பிறகு பெற்றோரின் கல்யாணத்தை ஏற்ற வேண்டும். அதன் பிறகு பிள்ளையின் பிறப்பு. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திரும்பி வந்துவிடும். பழைய எழுத்தர் ஒருவர் அவசரத்தில் எழுதிய எழுத்துக்கூட்டலைத் திருத்த மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. வாங்கியவர்களில் நிறையப் பேர் போர்ச்சுகலில் தங்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களாக இங்கிலாந்து போனார்கள். ஸ்விண்டன் நகரம் அப்படித்தான் கோவாக்காரர்களின் ஊரானது. கிடங்கிலும் தொழிற்சாலையிலும் வேலை, ஞாயிற்றுக்கிழமை கொங்கணியில் பூசை. பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியதும் 2020 இறுதியோடு அந்த வழி அடைபட்டது. முன்னால் போனவர்கள் தங்கிவிட்டார்கள்.

இதில் தேசபக்தி பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறந்த மண்ணின் வாக்குரிமையை இழந்து, கிடங்கில் இரவு வேலைக்கு ஒருவர் போகிறார் என்றால், அவருக்குப் போர்ச்சுகல்மேல் காதல் என்று அர்த்தமில்லை. அவர் தாத்தா பம்பாய்க்குக் கப்பலேறியதும் அதே காரணத்துக்காகத்தான். தோபி தலாவ் பக்கம் ஊருக்கு ஒரு 'கூட்' என்று தங்குமிடம் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டியும் ஒரு பாயுமாகப் பிழைத்த தலைமுறை அது. 451 வருடம் ஆண்டும், பிழைக்க வெளியூர் போகாமல் இருக்கும்படியான ஓர் ஊரை அவர்கள் உண்டாக்கவில்லை.

மொழியில் நின்றது எது

இத்தனை நாள் ஆண்டவர்களின் மொழி ஊர்மக்கள் வாயில் ஏறவில்லை. பிரேசிலில் நடந்தது கோவாவில் நடக்கவில்லை. மேல்தட்டுக் குடும்பங்களும் அலுவலகங்களும் போர்த்துக்கீசியம் பேசின. வயலில், கடலில், சமையலறையில் கொங்கணிதான். அதை ஒழிக்கப் பார்க்காமல் இல்லை. மூன்று வருடத்துக்குள் எல்லாரும் கொங்கணியை விட்டுப் போர்த்துக்கீசியம் பேச வேண்டும் என்று 1684-இல் வைசிராய் ஆணை போட்டார். இத்தனைக்கும் அதே மண்ணில், ராச்சோல் ஊரில், 1640-இல் கொங்கணிக்கு முதல் இலக்கணம் அச்சானது. எழுதியவர் தாமஸ் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கில ஏசுசபைப் பாதிரியார். இந்தியாவின் முதல் அச்சகமே 1556-இல் கோவாவில் இறங்கியதுதான். தமிழ் எழுத்திலான முதல் அச்சுப் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானதும் இதே போர்த்துக்கீசியப் பாதிரிமார் வட்டத்தின் வேலை. ஒரு கை மொழியை அச்சேற்றியது, ஒரு கை அதன் வாயைப் பொத்தியது.

கொங்கணி சாகவில்லை, ஆனால் உடைந்தது. கத்தோலிக்கர்கள் அதை ரோமன் எழுத்தில், போர்த்துக்கீசிய எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். இந்துக்கள் பெரும்பாலும் மராத்தியில் படித்தார்கள். 1967 ஜனவரி 16 அன்று மகாராஷ்டிரத்தோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 34,021 வாக்கு வித்தியாசத்தில் கோவா தனியாக நின்றது. 1987-இல் கொங்கணி ஆட்சிமொழி ஆனபோது தேவநாகரியில் எழுதுவதுதான் கொங்கணி என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். 1892-இல் பம்பாயில் பிறந்து இன்றுவரை மேடையை நிரப்பும் தியாத்ர் நாடகம் முழுக்க ரோமன் எழுத்தில் எழுதப்படுவது. அதற்கும் சம இடம் வேண்டும் என்ற போராட்டம் இன்னும் முடியவில்லை. மதத்தால் வந்த கோடு எழுத்தில் நின்றுவிட்டது.

சோறு தின்ற மண்ணில் ரொட்டியும் நின்றது. பிரேசிலிலிருந்து வந்த முந்திரி மரம் மலைச்சரிவெல்லாம் பரவி, அதன் பழத்திலிருந்து வடித்த ஃபேனி 2009-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அது கொண்டாட்டத்துக்கு. ரொட்டி தினசரிக்கு. காலை ஆறு மணிக்கும் மாலையிலும் சைக்கிளில் பெரிய மூங்கில் கூடை கட்டி, ரப்பர் ஹாரனைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டு போடெர் என்ற ரொட்டிக்காரர் வருவார். கூடைமேல் நீலத் தார்ப்பாய். உள்ளே தவிடு தூவிய போய், மேலே கீறல் போட்ட உண்டோ, வளையல் மாதிரி மொறுமொறு காங்கோண். அந்தக் காலத்தில் ஈஸ்ட் கிடைக்காததால் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். ஐரோப்பாவின் ரொட்டி அப்படித்தான் கோவாவின் ரொட்டி ஆனது. ஹாரன் கேட்டதும் வீட்டுக்காரம்மா பையோடு பல்காவுக்கு வருவார், இந்து வீடானாலும் கத்தோலிக்க வீடானாலும்.

அந்த அடுப்புகளின் சொந்தக்காரர்களில் பலர் இப்போது ஊரில் இல்லை. பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள், அல்லது பாட்டனின் பிறப்புப் பதிவை லிஸ்பனில் ஏற்றிவிட்டு இங்கிலாந்து போனார்கள். பல ஊர்களில் அடுப்பைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர்கள் வட கர்நாடகத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைகிறார்கள். கொங்கணி கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அவர்களையும் போடெர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.